சதுரகிரி ஏறிய மச்சானை நம்பி மழைக்காட்டுக்குள் போகலாமா?

நீங்கள் நேரடியாகக் கேட்டது இரண்டு. டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு மதுரையிலிருந்து மச்சான் குடும்பம் வருகிறது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து எட்டு வயதிலிருந்து பதினான்கு வரை நான்கு பேர். முதலில் மலேசியாவில் நம் பினாங்குத் தீவின் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட் கடற்கரை வரை நடை, அப்புறம் காரை எடுத்துக்கொண்டு பகாங் மாநிலம் போய் தாமான் நெகாரா பெருங்காட்டின் வாசலான கோலா தாஹானில் இரண்டு இரவு. இதற்கு வழிகாட்டி வேண்டுமா, பாம்பு புலி பயம் உண்டா என்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: மச்சான் சதுரகிரிக்குப் பலமுறை போனவர், வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர், அவர் கூட இருந்தால் போதாதா என்று. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது அதுதான் என்று படுகிறது. அதற்கு என் பதில்: அவருடைய காலை நம்பலாம், அவருடைய கணிப்பை இந்தக் காட்டில் நம்ப முடியாது. அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

நான் பினாங்கில் ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். இருபத்து நான்கு வருடமாக மலை ஏறுகிறேன், அதில் கடைசிப் பதினோரு வருடம் ஆட்களை அழைத்துப் போவதே வேலை. முதலுதவிப் பயிற்சியை விடாமல் புதுப்பித்து வருகிறேன், ஆனால் டாக்டர் இல்லை. பினாங்கு, கெடா, பேராக் மலைகள் நன்றாகத் தெரியும். பகாங் தாமான் நெகாராவுக்கு ஆறு முறைதான் போயிருக்கிறேன். சபா, சரவாக் காடுகளைப் பற்றி நான் பேசக்கூடாது, அதனால் பேசவில்லை.

சதுரகிரியிலும் வெள்ளியங்கிரியிலும் பாதை ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த பாதை. முன்னால் ஒருவர் போவார், பின்னால் ஒருவர் வருவார், வழி தவறினால் குரல் கொடுத்தாலே போதும். பாதி ஏற்றத்திலேயே வானம் தெரியும், கீழே சமவெளி தெரியும், எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. பாதையை விட்டுப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்றால் பாதை கண்ணுக்குத் தெரியாது. சருகு விழுந்து எல்லாத் தரையும் ஒரே மாதிரி இருக்கும். காட்டுப்பன்றி நடந்த தடம், ரோத்தான் (பிரம்பு) வெட்டப் போனவர்கள் நடந்த தடம் எல்லாம் மனிதர் பாதை மாதிரியே கொஞ்ச தூரம் போய், திடீரென்று ஒரு முள்புதரில் முடிந்துவிடும். மரத்தில் கட்டியிருக்கும் ரிப்பனைப் பார்த்து நடப்பவர்கள் உண்டு. அந்த ரிப்பனை யார், எந்த வருடம், எதற்காகக் கட்டினார் என்று யாருக்குத் தெரியும்? ஓட்டப் பந்தயம் நடத்தியவர்கள் அவிழ்க்காமல் விட்டுப்போனதாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது வெயில். "எங்க ஊர் வெயிலுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்று மச்சான் கண்டிப்பாகச் சொல்வார், எல்லோரும் சொல்கிறார்கள். மதுரையில் நாற்பது டிகிரி அடித்தாலும் காற்று காய்ந்திருக்கும், வேர்வை காய்ந்து உடம்பு குளிரும். இங்கே மரத்தடியில் முப்பது டிகிரிதான், ஆனால் காற்று முழுக்க ஈரம். வேர்வை வழியுமே தவிர காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும், காயாவிட்டால் தண்ணீர் போனது மட்டும்தான் மிச்சம். அதனால் வந்து இறங்கிய மறுநாளே நடைக்கு அழைத்துப் போகாதீர்கள். மூன்று நான்கு நாள் போகட்டும். நடுவில் ஒரு காலை கொடிமலையில் (பினாங்கு ஹில்) மூன் கேட் வாசலிலிருந்து எண்பத்து நாலாம் நிலையம் வரை ஏறி இறங்கிப் பாருங்கள். யார் எப்படி மூச்சு வாங்குகிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். கெராச்சுட் போய் வர பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், பிள்ளைகளுக்கு ஒன்றரை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்புக் குறைந்து தலை சுற்றும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதைக் குடிக்க மாட்டார்கள், அவர்களுக்கு அசாம் பொய் (உப்புப் போட்டுக் காயவைத்த புளிப்புப் பழம்) கொடுங்கள், கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். யாராவது சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால், நடை தள்ளாடினால், அது களைப்பு என்று நினைக்காதீர்கள். உடனே நிழலில் படுக்க வைத்து, சட்டையை நனைத்து, விசிறிக்கொண்டே உதவிக்கு அழைக்க வேண்டும். வெப்பத் தாக்கு உயிரை வாங்கும்.

பாம்பு, புலி என்று பயப்படுகிறீர்கள். என் அனுபவத்தில் ஆட்களை மாட்டிவிடுவது கடிகாரம்தான். இது நான் மற்றவர்களைப் பார்த்துச் சொல்வது இல்லை. சில வருடங்களுக்கு முன் கெடாவில் ஒரு மலைக்குப் பதினோரு பேரை அழைத்துப் போனேன். ஏழு மணிக்கு ஏறத் தொடங்க வேண்டியது. அடிவாரத்தில் ரோட்டி சானாய், தே தாரிக், இன்னொருவர் கார் வரவில்லை என்று எட்டே முக்கால் ஆகிவிட்டது. இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று மனதில் கணக்கு வைத்திருந்தேன். மனதில் மட்டும்தான், யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் இருபது நிமிடம்தானே என்றார்கள், நானும் தலையாட்டினேன். இருபது நிமிடம் ஒரு மணி நேரம் ஆனது. இறங்கும்போது ஓர் அக்காவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. டிசம்பரில் இங்கே சூரியன் மறைய ஏழு மணி தாண்டும், ஆனால் மரத்தடியில் ஆறரைக்கே கை தெரியாது. பதினோரு பேருக்கு மூன்று விளக்கு. கடைசி மூன்று கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். மழை மட்டும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனால் தப்பு முழுக்க என்னுடையது. திரும்பும் நேரத்தை மலையில் வைத்து முடிவு செய்ய முடியாது, அங்கே எல்லோருக்கும் ஆசை வந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் முதல் நாள் ராத்திரியே வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டுவிடுகிறேன்: இத்தனை மணிக்குத் திரும்புகிறோம், உச்சி வந்தாலும் வராவிட்டாலும். அதைப் படித்துவிட்டுச் சரி என்று சொல்பவர்கள் மட்டும் வரலாம்.

உங்கள் திட்டத்துக்கு இதைப் பொருத்திச் சொன்னால், தெலுக் பஹாங் வாசலில் காலை எட்டு மணி வாக்கில் பதிவு செய்துவிடுங்கள். பெயர், தொலைபேசி எண், எங்கே போகிறீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். அதைச் சடங்காக நினைக்காதீர்கள், சாயங்காலம் யார் வெளியே வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிய அந்த ஏடு ஒன்றுதான் வழி. வெளியே வரும்போது சொல்லிவிட்டுப் போங்கள். கெராச்சுட்டுக்குப் பிள்ளைகளோடு ஒரு வழிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் பிடிக்கும். நடுவில் ஒரு நல்ல ஏற்றமும் இறக்கமும் உண்டு. கடற்கரையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை வீட்டிலேயே பேசி முடியுங்கள், நானாக இருந்தால் ஒன்றரை என்று வைப்பேன். திரும்பும்போது படகு எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் கடல் கொந்தளித்தால் படகு வராது. அதனால் நடந்து திரும்பும் அளவுக்குத் தண்ணீரும் தெம்பும் மிச்சம் இருந்தால் மட்டும் படகை நம்புங்கள். முதலிலிருந்து கடைசிவரை எல்லோரும் கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் போக வேண்டும். உங்கள் கூட்டத்தில் அது எட்டு வயதுக் குழந்தையாக இருக்காது, குழந்தைகள் ஓடும், அனேகமாக ஒரு பெரியவராகத்தான் இருக்கும். மச்சானுக்கு ஒரு வேலை கொடுங்கள்: கடைசி ஆளாக வருவது. தனக்குப் பின்னால் யாரையும் விடக்கூடாது. அனுபவம் உள்ளவருக்குக் கொடுக்கிற பொறுப்பு அது, அவருக்கும் மரியாதையாக இருக்கும், முன்னால் பாய்ந்து போய்விடவும் மாட்டார்.

கோலா தாஹான் விஷயத்தில் நான் தயங்காமல் வேண்டாம் என்றுதான் சொல்வேன், டிசம்பரில். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கம் கொட்டும். தெம்பெலிங் ஆறு பெருகும், பாதைகள் மூழ்கும், சாலையே துண்டிக்கப்படும் நாளும் உண்டு. பினாங்குக்கும் கிழக்குக் கரைக்கும் நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் நின்று தடுப்பதால் டிசம்பர் கடைசியில் இங்கே மழை குறைந்துகொண்டு வரும், நமக்கு அடை மழை பெரும்பாலும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. அதற்காகப் பினாங்கு மலைகள் பாவம் அப்பாவி என்று நினைக்க வேண்டாம், 2017 நவம்பர் மழையில் தீவு முழுக்க வெள்ளம், கொடிமலையில் நிலச்சரிவு எல்லாம் பார்த்தோம். ஆனால் கணக்குப் பார்த்தால் டிசம்பர் கடைசிக்குப் பினாங்குதான் சரி. கோலா தாஹானை மச்சானின் அடுத்த வருகைக்கு, ஏப்ரல், மே கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது 4,343 சதுர கிலோமீட்டர் காடு, இரண்டு நாளில் ஓடிப் பார்த்துவிட்டு வருகிற இடமும் இல்லை.

மழையைப் பற்றிப் பேசும்போது ஆற்றைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை. நீங்கள் குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் ஒரு மணி நேரத்துக்கு முன் கொட்டிய மழை ஒரே சுவராக வந்து இறங்கும். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனுங் ஜெராய் மலையில் அப்படித்தான் மரமும் பாறையுமாக இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது. இந்த ஒரு விஷயத்தில் மச்சானின் அனுபவம் நேராகவே உதவும். சதுரகிரியில் மழை என்றால் ஓடையைக் கடக்க விடமாட்டார்கள், 2015-இல் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துப் போகப்பட்டது அவருக்குத் தெரிந்திருக்கும். அடையாளம் இரண்டு மூன்று உண்டு. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், ஆற்றின் சத்தம் மாறும். ஒன்றைப் பார்த்தாலும் பை, செருப்பு எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றோரமாக ஓடாதீர்கள், ஆற்றை விட்டு விலகி மேலே. ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் வேகமாக ஓடி முழங்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள் அல்லது காத்திருங்கள். இங்குள்ள ஆறு மழை நின்ற சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் வடிந்துவிடும். கடக்கிறவர்கள் பையின் மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டுக் கடக்க வேண்டும், விழுந்தால் பையை உதறிவிடலாம். கெராச்சுட் கடற்கரையிலும் இறங்கிக் குளிக்க வேண்டாம், இழுப்பும் உண்டு, ஜெல்லி மீனும் உண்டு.

யாரும் கேட்காத, ஆனால் நான் பாம்பைவிட அதிகம் பயப்படுவது மேலிருந்து விழும் கிளை. மழைக்காட்டில் பட்டுப்போன கிளைகள் கொடியில் தொங்கிக்கொண்டு காற்றுக்காகக் காத்திருக்கும். சாப்பிட உட்காரும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். காற்று பலமாக அடிக்க ஆரம்பித்தால் காய்ந்த மரத்தடியில் நிற்காதீர்கள். இடி கேட்டால் மலை முதுகை விட்டு இறங்குங்கள்.

சரி, பாம்புக்கு வருவோம். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோவிலில் பார்த்திருப்பீர்களே, பச்சையும் மஞ்சளுமாகக் கிளையில் அசையாமல் கிடக்கும், அதே விரியன்தான் காட்டிலும். நாள் முழுக்க ஒரே இடத்தில் இருக்கும், துரத்தாது. கடி வாங்குகிறவர்கள் பார்க்காமல் கையை வைத்தவர்கள், அல்லது மிதித்தவர்கள். ஏற்றத்தில் வேரையோ கிளையையோ பிடிக்கும் முன் பார்த்துப் பிடிக்கும் பழக்கம் ஒன்றே பாதிப் பாதுகாப்பு. அதிலேயே ரோத்தான் முள்ளிலிருந்தும் தப்பிக்கலாம். கடித்துவிட்டால் உறுதியாகத் தெரிந்தவை இவை: கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. எங்கள் தோட்டத்தில் இந்த மூன்றையும் செய்வார்கள், மூன்றும் தப்பு. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல், அவசர எண் 999 அழைக்க வேண்டும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீர்கள், தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் டாக்டருக்கு உதவும். கருத்து வேறுபாடு உள்ள விஷயம், துணிப்பட்டியை அழுத்திச் சுற்றுவது. ஆஸ்திரேலியாவில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், அங்குள்ள பாம்புகளுக்கு அது பொருந்தும். விரியன் கடியில் விஷம் ஒரே இடத்தில் தேங்கிச் சதையைக் கெடுக்கும், அங்கே அழுத்துவது நல்லதா என்பது சந்தேகம். நான் அசையாமல் கட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன், தொலைபேசியில் மருத்துவப் பணியாளர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைச் செய்வேன்.

புலி பினாங்குத் தீவில் இல்லை. தீபகற்பம் முழுவதற்குமே காட்டில் 150-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது என்று கணக்கெடுப்பு சொல்கிறது. நாம் அதற்குப் பயப்படுவதைவிட அது நமக்குப் பயப்பட அதிகக் காரணம் இருக்கிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது குளவி. தெபுவான் என்று இங்கே சொல்லும் பெரிய குளவியின் கூட்டைக் கலைத்துவிட்டால் கூட்டமாக வரும். கையை வீசாமல், தலையையும் முகத்தையும் சட்டையால் மூடிக்கொண்டு, வந்த வழியே வேகமாக விலக வேண்டும். உங்கள் கூட்டத்தில் யாருக்காவது தேனீ கொட்டி முன்பு மூச்சுத் திணறியிருக்கிறதா என்று மச்சான் வீட்டிலும் கேட்டு வையுங்கள், அப்படி ஒருவர் இருந்தால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். அன்று காலை சென்ட் வேண்டாம். தலையில் மல்லிகைப் பூவும் வேண்டாமே. பூவால் குளவி வரும் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனால் இல்லாமல் போவதால் நஷ்டமும் இல்லை.

அட்டை கடிக்கும், ஆபத்து இல்லை. தாத்தா காலத்தில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டு போவார்களாம். நானும் சின்ன வயதில் பூசியிருக்கிறேன், ஒரு மழையில் கரைந்துவிடும். இப்போது முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை விற்கிறார்கள், அது போதும். ஒட்டிக்கொண்டால் நெருப்பு வைக்காமல், உப்புக் கொட்டாமல், நகத்தை அதன் வாய்க்கு அடியில் விட்டு வழித்துவிடுங்கள். சுட்டால் அது உள்ளே இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், அட்டை ரத்தம் உறையாமல் செய்கிற பொருளைச் செலுத்தியிருக்கும், பிள்ளைகள் பயப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ரெங்காஸ் மரம். நம் ஊர்ச் சேராங்கொட்டை, முந்திரி இவற்றின் குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இதுவும் அதே மாதிரி கொப்பளிக்க வைக்கும். கறுப்பாகப் பிசின் வடிந்திருக்கும் மரத்தைத் தொடாதீர்கள், மழையில் அதன் கீழ் ஒதுங்கவும் வேண்டாம்.

குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பது நம் ஆட்களுக்குப் புண்ணியக் கணக்கு. அனுமார் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுப்பார்கள், தண்ணீர்மலை முருகன் கோவில் பக்கம் நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கொடுத்துக் கொடுத்துப் பழக்கியதில்தான் அது மனிதன் கையில் இருக்கும் எல்லாப் பையும் தனக்கு என்று நினைக்கிறது. பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், பாயும். சாப்பாட்டை டப்பாவில் போட்டு முதுகுப் பைக்குள் வையுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள்.

வழி தவறிவிட்டால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள்: நின்ற இடத்திலேயே நில், ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள், விசிலை மூன்று மூன்றாக ஊது. ஆளுக்கு ஒரு விசில், கழுத்தில். பெரியவர்களுக்கும் இதேதான். ஆற்றைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்று நம் ஆட்கள் எல்லோரும் நம்புகிறார்கள். வரும், அதற்கு முன்னால் அருவியும் வழுக்குப் பாறையும் வரும், தேடுகிறவர்கள் நீங்கள் இருந்த இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நடக்கும்போது விமானப் பயன்முறையில் போட்டால் பேட்டரி மிஞ்சும். அடர்ந்த மரத்தடியில் அது காட்டும் புள்ளி பல மீட்டர் தள்ளி இருக்கலாம், அதை மட்டும் நம்பிப் பாதையை விட்டு இறங்காதீர்கள். பகல் நடைதானே என்று விளக்கை வீட்டில் வைக்காதீர்கள். தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று. என் கதையைத்தான் சொன்னேனே.

வழிகாட்டி வேண்டுமா என்பதற்கு இப்போது நேரடிப் பதில். கெராச்சுட் பாதை தெளிவானது, நல்ல வானிலையில் நீங்களே போகலாம். கொடிமலையின் முக்கியப் பாதைகளும் அப்படித்தான். ஆனால் அதே தெலுக் பஹாங் பூங்காவின் முக்கா ஹெட் முனைப் பக்கம் கலங்கரை விளக்கம் வரை போய் வேறு வழியாகத் திரும்பலாம் என்று நினைத்தால் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். வனத்துறையின் நிரந்தரக் காப்புக் காடுகளுக்கு 1984 தேசிய வனச் சட்டப்படி அனுமதி எடுக்காமல் நுழைவதே குற்றம், கோலாலம்பூர் பக்கம் புக்கிட் தாபூர் போன்ற மலைகளுக்கு அனுமதி இல்லாமல் போய் மாட்டிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாமான் நெகாராவில் உள்ள குனுங் தாஹான் மலை ஏற வழிகாட்டி கட்டாயம். வழிகாட்டி வைத்தால் அவரிடம் மூன்று கேளுங்கள்: எத்தனை மணிக்குத் திரும்புவோம், மழை வந்தால் எந்த இடத்தில் முடிவெடுப்பீர்கள், கடைசியில் யார் வருவார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "பார்த்துக்கலாம்" என்பவரோடு போகாதீர்கள்.

திரும்பி வந்த பிறகும் ஒரு வேலை உண்டு, இதை மச்சான் குடும்பத்துக்குக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். ஆற்று நீரிலும் சேற்றிலும் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் கிருமி இருக்கும். 2010-இல் பகாங் லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேட இறங்கியவர்களுக்கு அதுவும், மண்ணிலிருந்து வரும் இன்னொரு தொற்றும் சேர்ந்து பரவிச் சிலர் இறந்தார்கள். அதோடு இந்தக் காடுகளில் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் மலேரியாவும் உண்டு. ஊருக்குப் போய் ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், "மலேசியாவில் மழைக்காட்டுக்குள் நடந்தேன், சேற்றில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் அவர்களாகவே சொல்ல வேண்டும். மதுரை டாக்டர் டெங்கு என்று பார்த்துக்கொண்டிருப்பார், சொன்னால்தான் மற்றதையும் சோதிப்பார்.

காட்டுக்கு நாம் செய்ய வேண்டியதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள், தப்பாவ் (பொட்டலம்) கட்டிய நாசி லெமாக் சோற்றின் ரப்பர் பேண்ட் வரை. ஆரஞ்சுத் தோலும் வாழைப்பழத் தோலும் மக்கிவிடும் என்பார்கள், மக்குவதற்குள் குரங்கும் பன்றியும் பாதையோரத்தில் சாப்பாடு கிடைக்கும் என்று படித்துவிடும். ஒதுங்க வேண்டி வந்தால் ஓடையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள், திசுத்தாளும் நாப்கினும் பையில் திரும்பி வரட்டும். சேறாக இருக்கிறது என்று பாதையோரம் சுற்றிப் போகாதீர்கள், சேற்றிலேயே நடங்கள், சுற்றிப் போகிற ஒவ்வொரு காலும் பாதையை அகலமாக்கும், அடுத்த மழை அந்த மண்ணை எடுத்துக்கொண்டு போகும். குடுவைச் செடியைப் பிள்ளைகள் பறிக்க ஆசைப்படுவார்கள், படம் எடுத்தால் போதும். கெராச்சுட்டில் ஆமைகள் முட்டையிட வரும் கரை இருக்கிறது, முட்டைகளைக் காக்கும் குடில்களுக்குள் கையை விடாதீர்கள். மேலே நன்னீரும் கீழே கடல்நீருமாகக் கலக்காமல் கிடக்கும் ஏரி ஒன்றும் அங்கே உண்டு, வருடத்தின் சில மாதங்களில் வற்றிக் கிடக்கும், அப்போது நடந்து பார்க்கலாம் என்று உள்ளே இறங்காதீர்கள், சேறு இழுக்கும். புளூடூத் ஸ்பீக்கரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன். ஏறும் முன் முனீஸ்வரருக்குச் சூடம் ஏற்றுவது உங்கள் வீட்டு வழக்கமாக இருந்தால் கார் நிறுத்தும் இடத்தில் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், சருகுத் தரையில் வேண்டாம், சூட டப்பாவையும் சுருட்டையும் வேரடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாகக் காலணி. மச்சான் வெள்ளியங்கிரியை வெறுங்காலோடு ஏறியிருப்பார், இங்கே அது வேண்டாம். ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் இரும்பு மாதிரி கனக்கும். விலை உயர்ந்த பூட்ஸ் வாங்கவும் தேவையில்லை. கம்போங் அடிடாஸ் என்று நாம் சொல்லும் கறுப்பு ரப்பர் ஷூ, பத்துப் பதினைந்து ரிங்கிட் பக்கம் விற்கும், அடியில் முளை முளையாக இருக்கும். பால் வெட்டுக்காரர்கள் போட்டுக்கொண்டு பழகியது, எங்கள் அப்பா ஆயுசு முழுக்க அதில்தான் நடந்தார். சேற்றில் பிடிக்கும், தண்ணீர் போனாலும் உதறினால் காய்ந்துவிடும். ஈரப் பாறையில் எதுவும் வழுக்கும், இதுவும் வழுக்கும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் வழக்கத்தைவிட ஓர் அளவு பெரியதாகக் கேளுங்கள். மச்சானுக்குக் கால் பெரியது என்றால் இப்போதே அளவைக் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள், பெரிய அளவு எல்லாக் கடையிலும் இருப்பதில்லை, டிசம்பரில் வந்து தேடினால் சிரமம்.